பரணில் கிடக்கும் மடிக்கணினிக்கு ஒரு வேலை

ஐந்தாறு வருடம் வேலை பார்த்த மென்பொருள் பொறியாளர் வீட்டுப் பரணில் பழைய மடிக்கணினி ஒன்றாவது கிடக்கும். கல்லூரிக் காலத்தில் வாங்கியதாக இருக்கும், அல்லது தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த வரிசையில் வந்ததாக இருக்கும், அல்லது தம்பி புதிது வாங்கியதும் கைமாறி வந்திருக்கும். விசைப்பலகையில் இரண்டு எழுத்து வேலை செய்யாது. பேட்டரி அரை மணி நேரம் தாங்காது. எடைக்குப் போடவும் மனம் வராது. அதைக் கீழே இறக்கித் துடைத்து, நாள் முழுக்க ஓடும் வீட்டுச் சர்வராக மாற்றும் வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது.

அலுவலகத்தில் நாம் எழுதும் நிரல் எங்கோ ஒரு மேகக்கணினியில் ஓடுகிறது. அதன் வட்டை நாம் பார்த்ததில்லை. நெட்வொர்க்குக்கு ஒரு குழு, பேக்கப்புக்கு ஒரு குழு, பாதுகாப்புக்கு ஒரு குழு என்று பிரிந்திருக்கும். பத்து வருட அனுபவம் உள்ளவர்களிலும் ஒரு வட்டு கெட்டுப்போவதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தவர்கள் குறைவு. வீட்டில் ஒரு சர்வர் வைத்தால் மின்கம்பியிலிருந்து பயனர் வரை எல்லாம் உங்கள் பொறுப்பு. அந்தப் பயனர் பெரும்பாலும் உங்கள் அம்மாவாக இருப்பார், “ஃபோட்டோ வரலையேடா” என்ற ஒரு வரியில் பிழையைச் சொல்வார். இந்தத் தொழிலில் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

ராஸ்பெரி பை வாங்கலாமே என்று கேட்பீர்கள். 2012 பிப்ரவரியில் 35 டாலருக்கு வெளிவந்த அந்தச் சின்னப் பலகை எத்தனையோ பேரை வன்பொருள் பக்கம் இழுத்து வந்தது, எனக்கும் அதன்மேல் பிரியம் உண்டு. ஆனாலும் முதல் சர்வருக்குப் பழைய மடிக்கணினியையே சொல்வேன். பலகைக்கு அடாப்டர், பெட்டி, நினைவக அட்டை என்று ஒவ்வொன்றாக வாங்க வேண்டும். ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தால் அந்த அட்டை சீக்கிரம் தேய்ந்துவிடும். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் கூடவே இருப்பதால் நெட்வொர்க் அறுந்துபோன நாளிலும் நேரே உட்கார்ந்து சரிசெய்யலாம். பேட்டரி கொஞ்சம் உயிரோடு இருந்தால் யூபிஎஸ்ஸும் உள்ளேயே இருக்கிறது.

முதலில் உடம்பைப் பாருங்கள்

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ, மேசையில் வைக்கும்போது அடிப்பாகம் சமமாக உட்காராமல் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. கழற்றத் தெரிந்தால் அழுத்தாமல், குத்தாமல் கழற்றுங்கள். தெரியாவிட்டால் கடையில் கொடுங்கள். குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குபவர்களிடம் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான மடிக்கணினிகள் பேட்டரி இல்லாமல் அடாப்டரிலேயே ஓடும். மாதக்கணக்கில் செருகியே இருக்கப்போகும் இயந்திரம் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் சமரசம் வேண்டாம். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் அதை எப்போதும் 100 சதவீதத்தில் வைத்திருக்காதீர்கள், சீக்கிரம் கிழடாகிவிடும். திங்க்பேட் போன்ற சில வகைகளில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும்படி லினக்ஸிலிருந்தே அமைக்கலாம். டிஎல்பி என்ற சிறு நிரல் அதைக் கவனித்துக்கொள்ளும்.

அடுத்து வட்டு. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதன் ஸ்மார்ட் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், காத்திருப்பில் உள்ள செக்டர்கள் என்ற இரண்டு எண்ணும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குடும்பப் படங்களை அதில் வைக்காதீர்கள். சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மாற்றுவது ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலைதான், மாற்றிய பிறகு இயந்திரத்தின் வயதே தெரியாது. ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். தொடங்க 4 ஜிபி போதும். படங்களில் முகம் அடையாளம் காணும் வேலையும் வேண்டுமென்றால் 8 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள்.

செயலி 64 பிட்டா என்று பார்ப்பது இப்போது கட்டாயம். நாம் நிறுவப்போகும் டெபியன் லினக்ஸின், 2025 ஆகஸ்டில் வந்த 13 ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் வட்டு கிடையாது. பழைய குட்டி நெட்புக்குகள் சில இதில் அடிபட்டுப்போகும்.

கையில் ஒன்றுமே இல்லையென்றால் சென்னையில் ரிச்சி தெரு இருக்கிறது. பெரிய அலுவலகங்கள் குத்தகை முடிந்து திருப்பிக் கொடுத்த திங்க்பேட், லாட்டிட்யூட் வகைகள் பழைய கணினிக் கடைகளுக்கு வந்து சேரும். வெளித்தோற்றம் கீறலாக இருந்தாலும் உள்ளே நல்ல கட்டுமானம். வாங்கும்போது கடையிலேயே போட்டுப் பாருங்கள். பயாஸில் கடவுச்சொல் பூட்டு இருக்கிறதா, சார்ஜர் அந்த நிறுவனத்தின் அசல்தானா என்ற இரண்டையும் மறக்காமல் பாருங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: அலுவலகம் கொடுத்த மடிக்கணினியை இதற்குத் தொடவே கூடாது, சும்மா கிடந்தாலும்.

கரண்ட் பில் எகிறிவிடும் என்று வீட்டில் கவலைப்படுவார்கள். கணக்கைக் காட்டுங்கள். திரை அணைந்து சும்மா இருக்கும் மடிக்கணினி சுமார் 12 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தமிழ்நாட்டில் பில் வரும் இரண்டு மாதத்துக்கு 17 யூனிட் சொச்சம். அதே இடத்தில் 60 வாட் எடுக்கும் பழைய மேசைக் கணினியை வைத்தால் 86 யூனிட். இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டையும் கிட்டத்தட்ட அதுவே தின்றுவிடும். உங்கள் இயந்திரம் உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் சொல்லிவிடும். அதை வாங்கிய பிறகு வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளையும் அளந்து பார்க்காமல் இருக்க முடியாது.

வைக்கும் இடத்துக்கு வருவோம். பரணிலோ மூடிய அலமாரியிலோ வைக்காதீர்கள், ஏப்ரல் மே வெயிலில் வெந்துபோகும். ரவுட்டர் பக்கத்தில், காற்றோட்டமாக, லேன் கேபிள் மாட்டி வையுங்கள். வைஃபையை நம்ப வேண்டாம். மின்விசிறியில் அடைந்த தூசியைத் தூரிகையால் எடுத்துவிட்டாலே சத்தம் பாதியாகும். மின்தடை வந்தால் மடிக்கணினி பேட்டரியில் நிற்கும், ஆனால் ஃபைபர் மோடமும் ரவுட்டரும் அணைந்துவிடும். இன்வர்ட்டர் இல்லாத வீடென்றால் ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று மாட்டிவிடுங்கள்.

நிறுவுதல்

டெபியனைச் சொல்கிறேன். இயன் மர்டாக் 1993 இல் தொடங்கியது, இன்றும் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாமல் தன்னார்வலர்களால் நடக்கிறது. அரசு மடிக்கணினிகளில் விண்டோஸுடன் வந்த பாஸ் லினக்ஸ் நினைவிருக்கிறதா? மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் அதை டெபியன்மேல்தான் கட்டியது. பலர் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத அந்தப் பகுதியின் மூலத்துக்கே இப்போது திரும்புகிறீர்கள்.

நிறுவும்போது டெஸ்க்டாப் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். எஸ்எஸ்எச் சர்வரும் அடிப்படைக் கருவிகளும் போதும். பதிப்பு ஸ்டேபிளாகவே இருக்கட்டும். புதியதன் மேல் ஆசைப்படுபவர்களுக்கு 2024 மார்ச் 29 இல் நடந்ததை நினைவூட்டுவேன். மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் போஸ்ட்கிரெஸ் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், தன் டெபியன் கணினியில் எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். விடாமல் தோண்டியபோது, எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருப்பது தெரியவந்தது. ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர், தனியாளாகக் களைத்துப்போயிருந்த பராமரிப்பாளருக்கு உதவுவதுபோல் வருடக்கணக்கில் நம்பிக்கை சம்பாதித்து அதை நுழைத்திருந்தார். அந்தப் பதிப்புகள் டெபியனின் டெஸ்டிங், அன்ஸ்டேபிள் கிளைகள் வரை வந்துவிட்டன. ஸ்டேபிளுக்கு வரவில்லை. வீட்டாரின் பொருளை வைத்திருக்கும் இயந்திரத்துக்கு அந்த நிதானம் தேவை.

நிறுவியதும் செய்ய வேண்டியவை நிறைய இல்லை. மூடியை மூடினால் மடிக்கணினி தூங்கப் போய்விடும், அதைப் புறக்கணிக்கும்படி சிஸ்டம்டி அமைப்பில் ஒரு வரி மாற்றுங்கள். உங்கள் எஸ்எஸ்எச் சாவியை ஏற்றி, அது வேலை செய்வதைப் பார்த்த பிறகு, கடவுச்சொல் கொடுத்து நுழையும் வழியை அடைத்துவிடுங்கள். ரவுட்டரில் இந்த இயந்திரத்துக்கு எப்போதும் ஒரே ஐபி முகவரி கிடைக்கும்படி ஒதுக்கி வையுங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தானாக இறங்கும் வசதியைப் போட்டுவிடுங்கள்.

மென்பொருள்களை டாக்கர் கம்போஸ் கோப்புகளாக எழுதி, அவற்றை ஒரு ஜிட் களஞ்சியத்தில் வையுங்கள். கடவுச்சொற்கள் உள்ள கோப்பு மட்டும் அதற்குள் போகக் கூடாது. இந்த ஒழுங்கு இருந்தால் நாளை மடிக்கணினி செத்தாலும் வேறொன்றில் ஒரு மாலைப் பொழுதில் எல்லாவற்றையும் எழுப்பிவிடலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏன் செய்தோம் என்று ஒரு வரி எழுதிப் பதியுங்கள். ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கப்போவது நீங்கள்தான்.

ஒரே ஒரு சேவை

முதல் வாரத்திலேயே விளம்பரத் தடுப்புக்குப் பை-ஹோல், படம் பார்க்க ஜெல்லிஃபின், வீட்டு விளக்குகளுக்கு ஹோம் அசிஸ்டன்ட் என்று பத்தையும் நிறுவுகிறவர்கள் உண்டு. மூன்றாவது மாதம் அவற்றில் எட்டு அநாதையாக ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு, வீட்டார் தினமும் நம்பும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். என் தேர்வு படங்கள். கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவில்லா இலவச சேமிப்பை நிறுத்திய பிறகு, “இடம் நிரம்பிவிட்டது” என்ற எச்சரிக்கை வராத வீடு இல்லை. அந்தத் தொல்லையைத் தீர்த்துவைத்தால் சர்வருக்கு வீட்டில் மதிப்பு வந்துவிடும்.

இதற்கு இரண்டு வழி. இம்மிச் என்ற திறமூல மென்பொருள் ஃபோனிலிருந்து படங்களை எடுத்து, நாள்வாரியாகவும் முகவாரியாகவும் காட்டும். ரேம் கொஞ்சம் கேட்கும், முகம் தேடும் பகுதியை அணைத்தும் வைக்கலாம். எளிமை போதுமென்றால் சிங்க்திங். ஃபோனின் கேமரா அடைவை அப்படியே சர்வருக்கு நகலெடுக்கும். அதன் அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, தனிக் கிளையாகப் பிரிந்த ஒன்று தொடர்கிறது. திறமூலத்தில் ஒரு திட்டம் நின்றால் வேறொருவர் எடுத்து நடத்த முடியும் என்பதற்கு இது உதாரணம். எடுத்து நடத்துபவரும் தன் ஓய்வு நேரத்தில்தான் செய்கிறார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிங்க்திங் பேக்கப் ஆகாது. அம்மா ஃபோனில் தவறுதலாக ஓர் ஆல்பத்தை அழித்தால், அந்த அழிப்பும் நொடிகளில் சர்வருக்கு வந்துவிடும். ஃபோனிலிருந்து சர்வருக்கு மட்டும் போகும் ஒருவழி அமைப்பையும், பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதியையும் தவறாமல் போடுங்கள். போட்ட பிறகும் பேக்கப் தனியாக வேண்டும்.

பேக்கப்

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். ரெஸ்டிக் என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள், மறைகுறியாக்கம் செய்து, மாறியதை மட்டும் சேமிக்கும். வெளி வட்டு ஒன்றுக்குத் தினமும் இரவில் ஓடட்டும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று இத்துறையில் சொல்லும் விதியில் கடைசிப் பகுதியைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நினைத்துப் பாருங்கள். கணினியும் பேக்கப் வட்டும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது இன்னொரு வட்டில் எடுத்துக்கொண்டுபோய் அப்பா பீரோவில் வைத்துவிட்டு, அங்கே இருக்கும் பழைய வட்டை எடுத்து வாருங்கள். இணையம் இல்லாமல், மாதச் சந்தா இல்லாமல் நடக்கும் நல்ல ஏற்பாடு இது.

எடுத்த பேக்கப்பைத் திரும்பப் பெற முடிகிறதா என்று பார்க்காதவரை அது இருப்பதாகக் கணக்கில்லை. 2017 ஜனவரி 31 இல் கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். மீட்கப் போனபோது அவர்கள் வைத்திருந்த ஐந்து வகைப் பேக்கப், நகல் ஏற்பாடுகளில் எதுவும் சரியாக வேலை செய்யவில்லை. தற்செயலாக முன்னதாக எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது, அப்படியும் சுமார் ஆறு மணி நேரத் தரவு போய்விட்டது. அவர்கள் அதை மறைக்காமல் முழு அறிக்கையாக வெளியிட்டார்கள், தேடிப் படியுங்கள். வீட்டில் செய்ய வேண்டியது இதுதான்: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதாவது ஒரு மாதத்தின் படங்களைப் பேக்கப்பிலிருந்து வேறொரு கணினிக்கு மீட்டு, திறந்து பாருங்கள். இந்தச் சோதனை வெற்றி பெறும் வரை கூகுளில் இருக்கும் எதையும் அழிக்க வேண்டாம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. சர்வரை எப்படி அணைப்பது, எப்படிப் போடுவது, பேக்கப் வட்டு எங்கே, அதன் கடவுச்சொல் என்ன என்பதையெல்லாம் தமிழில், ஒரு தாளில், கையால் எழுதி, மனைவியோ கணவரோ எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போதோ மருத்துவமனையில் இருக்கும்போதோ அவர்கள் தங்கள் படங்களுக்காக உங்களை எதிர்பார்த்து நிற்கக் கூடாது.

வெளியிலிருந்து பார்க்க

சர்வரின் எந்தக் கதவையும் இணையத்துக்கு நேரடியாகத் திறக்காதீர்கள். திறந்தாலும் பல வீடுகளில் பயனிருக்காது. நம் ஊர் இணைய நிறுவனங்கள் பலவும் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் உங்கள் வீடும் அதில் ஒன்று. வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைய வயர்கார்ட் என்ற விபிஎன் சரியான வழி. 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்ட, சிறிய, நல்ல வடிவமைப்பு. அதன்மேல் கட்டிய டெயில்ஸ்கேல், பகிர்ந்த முகவரிக்குப் பின்னால் இருக்கும் வீட்டையும் சிரமமில்லாமல் இணைத்துவிடும். அதன் மைய ஒருங்கிணைப்பு மட்டும் திறமூலம் அல்ல. அது உறுத்தினால் அதற்குத் திறமூல மாற்றாக ஹெட்ஸ்கேல் இருக்கிறது. ஆரம்பத்தில் டெயில்ஸ்கேலோடு இருங்கள்.

தமிழ்ப் பெயர்களும் பிழை அறிக்கையும்

சில வாரம் ஓடிய பிறகு உங்கள் வீட்டுக்கே உரிய சிக்கல்கள் முளைக்கும். அம்மா ‘கொலு’ என்று ஓர் அடைவு உருவாக்கியிருப்பார். இன்னொரு கணினியிலிருந்து வந்த ‘கொலு’ அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பு பெயர்களை வெறும் பைட்டுகளாகத்தான் ஒப்பிடும், அதனால் அதற்கு இவை இரண்டு பெயர். ஓர் அடைவில் உள்ளவற்றை மற்றதற்குள் நகர்த்திவிட்டு, மீதிப் பெயர்களையெல்லாம் கன்வ்எம்வி என்ற கருவியால் ஒரே குறியீடாக எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடலாம். அதேபோல் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. ‘தமிழ்’ என்ற மூன்று எழுத்துச் சொல்லே ஐந்து குறியீடு, 15 பைட். ஆங்கிலத்தில் 255 எழுத்து எழுதுகிற இடத்தில் நமக்கு 85 குறியீடுதான், எழுத்தாகக் கணக்கிட்டால் ஐம்பதைச் சுற்றி நின்றுவிடும். ‘சின்ன மாமா மகள் நிச்சயதார்த்தம், மதுரை மண்டபம், சாயங்கால வரவேற்பு’ என்று தொடங்கி இன்னும் நீளமாகப் பெயர் வைத்துக்கொண்டே போகும் சித்தப்பாவின் காணொளி சேமிக்க முடியாமல் திரும்பி வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இந்த இடத்தில்தான் நீங்கள் திறமூலத்துக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறீர்கள். ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருந்து அந்த மென்பொருளை எழுதுபவர் கண்ணில் இந்தப் பிழை படவே படாது. அவர் வீட்டில் யாரும் கொலுவுக்கு அடைவு உருவாக்குவதில்லை. கெர்னலுக்கு நிரல் எழுதினால்தான் பங்களிப்பு என்று காத்திருக்கும் இளைஞர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, உங்களால் மட்டும் பார்க்க முடிகிற பிழையை ஒழுங்காக எழுதி அனுப்புங்கள் என்பதுதான்.

எழுதுவதற்கு முன் அதே பிழையை யாராவது பதிந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். ஓர் அறிக்கையில் ஒரு பிழை மட்டும். மென்பொருளின் பதிப்பு எண், எந்த இயங்குதளம், என்ன செய்தீர்கள், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது. தமிழ்ப் பெயர் சம்பந்தப்பட்டது என்றால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பினால் போதாது. இரண்டு ‘கொலு’வும் ஸ்கிரீன்ஷாட்டில் ஒன்றாகவே தெரியும் என்பதால் அவற்றின் குறியீட்டு எண்களை வரிசையாக எழுதிக் கொடுங்கள். பதிவேட்டு வரிகளை ஒட்டும்போது சாவிகளையும் முகவரிகளையும் நீக்குங்கள். “இது வேலை செய்யவே இல்லை” என்ற தொனி வேண்டாம், மறுமுனையில் சம்பளம் இல்லாமல் ஒருவர் படிக்கிறார். இம்மிச்சும் ஜெல்லிஃபினும் தங்கள் மொழிபெயர்ப்பை வெப்லேட் தளத்தில் நடத்துகின்றன. நிரல் எழுத நேரமில்லாத வாரங்களில் அங்கே சில வரிகளை நல்ல தமிழில் ஆக்கலாம். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், சென்னை லினக்ஸ் பயனர் குழுவும் 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் கணியமும் புதியவர்களைப் பொறுமையாக வழிநடத்துகிற இடங்கள்.

நிரலே எழுதி அனுப்பப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஓய்வு நேரத்தில் எழுதியதும் தனக்கே சொந்தம் என்று சில நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். மனிதவளத் துறையிடம் மின்னஞ்சலில் அனுமதி கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். பிறகு அலுவலக நேரத்தில் அல்லாமல், அலுவலகக் கணினியில் அல்லாமல், உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்புங்கள். திருத்தம் சேர்ந்த புதிய பதிப்பு வெளியானதும் வீட்டுச் சர்வரில் ஏற்றி, அந்த இரண்டு அடைவுகளை வைத்து மறுபடி சோதித்து, சரியாகிவிட்டது என்று அதே அறிக்கையின் கீழ் எழுதுங்கள். பராமரிப்பாளர் அதைப் பார்த்துத்தான் அறிக்கையை மூடுவார்.